விழுங்கலும் தேவையும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் இரத்த அழுத்தமும் ஒருவரை ஒருவர் அனுசரித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே தாங்களும், தங்கள் இடது முழங்காலும், மாப்பிள்ளையும், என் மகளும், பேத்தியும் அதேபோல அனுசரித்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை கிடைத்தது. அதில் இரண்டே இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். போனில் எல்லாம் பேசி முடித்த பிறகும் புத்தகம் ஏன் விற்கவில்லை என்பது ஒன்று. மாதக் கடைசியில் எல்லோருமாக இங்கே வரலாமா என்பது இன்னொன்று. இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முப்பத்தோரு வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியே பிழைத்தவன் கையில் வெள்ளைத்தாள் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத் தாங்கள் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தவறாக எண்ணக் கூடாது. போனில் தாங்கள் பேச ஆரம்பித்தால் மூச்சு விடுகிற இடத்தில்கூட ‘அப்புறம்’ என்று ஒரு சொல்லை வைத்து அடைத்துவிடுகிறீர்கள். எனக்கு உள்ளே நுழைய வழி இருப்பதில்லை.

முதலில் புத்தகம். சென்ற முறை தாங்கள் குடும்பத்தோடு வந்து தங்கிய மூன்று நாளில், இரண்டாம் நாள் காலை, தங்கள் முழங்கால் மாத்திரை கைதவறி உருண்டு படுக்கையறை அலமாரிக்கு அடியில் போனது நினைவிருக்கும். மாத்திரையைத் தேடிக் குனிந்த தாங்கள், அலமாரியின் முன்னங்காலுக்குக் கீழே இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “சம்பந்தி, இது எத்தனாவது பதிப்பு?” என்று தரையிலிருந்தே கேட்டீர்கள். அந்த இடத்தில் தரை சற்றுப் பள்ளம். என் மனைவி வீட்டிலிருந்த எல்லாப் புத்தகங்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, அதுதான் சரியான தடிமன் என்று முடிவு செய்து வைத்தது. “முதல் பதிப்புதான், ஏன்?” என்றேன். தங்களைத் தூக்கி நிறுத்த நானும் மகளும் சேர்ந்து பாடுபட வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் முழங்காலா, அதிர்ச்சியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

‘நேற்று என்ன விலை?’ என்ற அந்தப் புத்தகத்தைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடையையும் பால் பாக்கெட்டையும் வைத்துப் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்த புத்தகம். நாற்பது பதிப்பு கண்டது. முடிதிருத்தும் கடையில்கூட வாரப் பத்திரிகைகளுக்கு நடுவே கிடக்கும். நாற்பதில் முதலாவதற்கு மட்டும் ஏன் இத்தனை கிராக்கி என்பதைத் தாங்கள் அன்றே இணையத்தில் தேடி எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினீர்கள். அதாவது, நாற்பத்துமூன்றாம் பக்கத்தில் ‘வழங்கல்’ என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் ‘விழுங்கல்’ என்று அச்சாகிவிட்டது, தலைப்பு உட்பட ஒன்பது இடங்கள், பிரதிகளைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டார்கள், தப்பிப் பிழைத்தவை அறுபதுகூட இருக்காது. “விழுங்கல் பெருகினால் விலை இறங்கும், விழுங்கல் சுருங்கினால் விலை ஏறும்” என்று தாங்கள் படித்தபோது மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நான் அந்த அச்சகத்தில் வேலை பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் அச்சேறும் முன் அதன் மெய்ப்பைப் பார்த்து, சரி என்று ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டவன் நான்தான் என்று சொல்லவில்லை. பெண் கொடுத்த இடத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட முடியாது.

இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தை அச்சுக் கோத்தவருக்குப் பசி பொறுக்காது. நாங்கள் அவரைப் ‘பந்தி’ என்றுதான் கூப்பிடுவோம். சாப்பாட்டு மணிக்கு முந்தின அரை மணி நேரத்தில் அவர் கோக்கும் எழுத்துகளை இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பது அச்சகத்தில் எழுதப்படாத விதி. நான் பார்க்கவில்லை. புத்தகம் வெளிவந்த நான்காம் நாள், எழுதிய பேராசிரியர் நேரில் வந்தார். முதலாளி அறையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்துவிட்டு, “யாரு இதைப் பார்த்தது?” என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். பேராசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நான் எழுதினதைவிட இதுதான் நடப்புக்குப் பக்கத்துல இருக்கு” என்றார். முதலாளிக்குச் சிரிக்கத் தெரியாது. அடுத்த நாளிலிருந்து எனக்குப் புத்தகங்கள் வரவில்லை. பேருந்து கால அட்டவணை வந்தது. பதினெட்டு வருடம் நான் பார்த்ததெல்லாம் 6.10, 6.25, 6.40. என் கண்ணில் பட்டு ஒரு பேருந்துகூடத் தப்பான நேரத்துக்குப் புறப்பட்டதில்லை. அதற்காக யாரும் என்னைக் கூப்பிட்டுப் பேசியதும் இல்லை.

சரி, விளம்பரத்துக்கு வருகிறேன். தாங்கள் ஊருக்குப் புறப்படும் முன்பே புத்தகத்தை நாலு பக்கமும் படம் எடுத்து, இணையத்தில் போட்டு, ‘நேரில் வந்து பார்க்கவும், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை’ என்று என் முகவரியையும் தங்கள் போன் எண்ணையும் கொடுத்துவிட்டீர்கள். அலமாரிக் காலுக்கு அட்டைப்பெட்டியை மடித்து வைத்தீர்கள். அந்த அட்டை மூன்றாம் நாளே அமுங்கிவிட்டது. அன்றிலிருந்து தெருவில் பேருந்து போகும்போதெல்லாம் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. முதலில் பயந்தேன். பிறகு பழகிவிட்டது. மகள் கல்யாணமாகிப் போய், மனைவியும் போய், நான்கு வருடமாக இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு கதவு திறந்தது அப்போதுதான்.

முதல் வாரம் யாரும் வரவில்லை. நானோ பத்து மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்துவிடுவேன். எட்டாம் நாள் ஒருவர் வந்தார். உயரமாக, மெலிந்து, தோளில் ஒரு பெட்டி. உள்ளே வந்ததும் பெட்டியைத் திறந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் ஒரு நிமிடம் என் உடம்பைப் பரிசோதிக்க மகள் அனுப்பிய ஆள் என்றே நினைத்துவிட்டேன். புத்தகத்தை எடுத்து, முதுகைத் தடவி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, கடைசியாக நாற்பத்துமூன்றாம் பக்கத்தைத் திறந்தார். “இருக்கு சார். ஒம்பதும் இருக்கு” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் பிழையைப் பார்த்து ஒருவர் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை, முதலாளியைத் தவிர. தேநீர் கொடுத்தேன். புத்தகத்திலிருந்து நான்கு அடி தள்ளி உட்கார்ந்துதான் குடித்தார். எந்தப் பதிப்பு எந்த ஊரில் எவர் பரணில் கிடந்தது என்றெல்லாம் இரண்டு மணி நேரம் சொன்னார். எழுந்திருக்கும்போது, “அப்ப எடுத்துக்கட்டுமா சார்?” என்று கேட்டார். தாங்கள் விளம்பரத்தில் போட்டிருந்த விலையைவிட அதிகமாகவே தருவதாகச் சொன்னார். எனக்கு என்ன தோன்றியதோ, “யோசிச்சுச் சொல்றேன், அடுத்த வியாழக்கிழமை வாங்க” என்றேன்.

அவர் போன பிறகு கோப்பைகளைக் கழுவினேன். இரண்டு கோப்பைகள். தாங்கள் வந்து தங்கிய நாட்களைத் தவிர நான்கு வருடமாகக் கவிழ்ந்தே இருந்த இரண்டாவது கோப்பையில் அன்றுதான் தேநீர்க்கறை. அதைத் துடைத்து வைக்கும்போது எனக்கு ஒன்று விளங்கியது. புத்தகம் இருக்கும்வரை ஆள் வரும். விற்றுவிட்டால் யார் வருவார்கள், எதற்கு வருவார்கள்? பொருளாதாரம் எனக்குத் தெரியாது, சம்பந்தி. ஆனால் இதைப் புரிந்துகொள்ள நாற்பது பதிப்பு தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் பதினோரு பேர். எல்லோருக்கும் தேநீர் கொடுத்தேன். எல்லோரையும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். கையுறைக்காரர் தவறாமல் வியாழக்கிழமைகளில் வந்தார். பல் டாக்டர் ஒருவர் வந்தார். அவருக்குப் புத்தகம் பெரிதில்லை, அந்தப் பக்கம்தான் முக்கியம். ‘விழுங்கலும் தேவையும்’ என்ற தலைப்போடு அதைக் கண்ணாடி போட்டு நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பேச்சு வாக்கில் என்னை வாயைத் திறக்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கீழ்க்கடைவாயில் ஒன்று போய்விட்டது என்றார். தாங்கள் விசாரித்தீர்களே, பல் எடுத்தது அவரிடம்தான். நன்றாகவே எடுத்தார்.

இனி நான் சொல்லப்போவது ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவரைப் பற்றி. தாங்கள் புருவத்தை உயர்த்துவதற்கு ஒன்றுமில்லை, முழுவதும் படியுங்கள். அறுபதைத் தாண்டியவர். ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். கையில் துணிப்பை, அதில் ‘நேற்று என்ன விலை?’ நாற்பதாவது பதிப்பு. “நான் வாங்க வரல. முதல்லயே சொல்லிடறேன்” என்றார். பிறகு எதற்கு வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். “இந்தப் பதிப்புல நூத்திரண்டாம் பக்கத்துல ஒரு கணக்கு இடிக்குது. ஆறு வருஷமா இடிக்குது. பதிப்பகத்துக்கு நாலு லெட்டர் போட்டேன், பதில் இல்ல. முதல் பதிப்புல எப்படி இருக்குன்னு பார்த்துட்டுப் போயிடறேன்.” பார்த்தோம். முதல் பதிப்பில் கணக்கு சரியாக இருந்தது. நடுவில் எந்தப் பதிப்பிலோ யாரோ ஒரு பூஜ்யத்தை விழுங்கியிருக்கிறார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அப்ப நான் பைத்தியம் இல்ல” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இதுல ஒண்ணு போயிருந்தா இன்னும் எவ்வளவு போயிருக்கும்?” என்று கேட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அச்சகத்தில் ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார், மற்றவர் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டே வருவார். கமா, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, புதுப் பத்தி எல்லாவற்றையும் வாயாலேயே சொல்ல வேண்டும். இதை டீச்சருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு செவ்வாயும் காலை பத்தரைக்கு வருவார். முதல் பக்கத்திலிருந்து அவர் நாற்பதாவதைப் படிப்பார், நான் முதலாவதைப் பார்ப்பேன். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து பக்கம். “குடை விற்பவன் வானத்தைப் பார்க்கிறான் கமா செருப்பு விற்பவன் தரையைப் பார்க்கிறான் முற்றுப்புள்ளி” என்று அந்தக் குரல் இந்தக் கூடத்தில் கேட்கும். போகப் போக அவருக்குப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. “தேநீர் நல்லா இருக்கு முற்றுப்புள்ளி. சர்க்கரை கமா கொஞ்சம் குறைச்சிருக்கலாம்” என்பார். நான் சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. கீழ்வீட்டுக்காரர் மறுநாள் படிக்கட்டில் நிறுத்தி, வீட்டில் விருந்தாளியா என்று விசாரித்தார்.

நாற்பத்துமூன்றாம் பக்கம் வந்தது. டீச்சர் ‘வழங்கல்’ என்று படிக்கிறார், என் கண் முன்னால் ‘விழுங்கல்’ என்று இருக்கிறது. ஒன்பது முறை. “இதை எப்படி விட்டீங்க? ஒண்ணு ரெண்டுன்னா சரி” என்று கேட்டார். கணக்கு டீச்சர் அல்லவா, எண்ணிக்கை அவருக்கு முக்கியம். முதலாளியிடம் கண் அசந்துவிட்டது என்று சொன்னேன். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். அன்று டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அந்த மெய்ப்பை நான் அச்சகத்தில் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி நடையில், பிரசவ அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். விடுப்பு கேட்டதற்கு, பக்கங்களை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்கள். நாற்பத்திரண்டு முடிந்து நாற்பத்துமூன்றைப் பிரித்தபோது நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து, “பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் மேலிருந்து கீழே நான்கு தடவை படித்தேன். ஒரு எழுத்துகூட உள்ளே போகவில்லை. ஒப்பம் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனேன்.

டீச்சர் தன் புத்தகத்தில் விரலை வைத்து மூடினார். பிறகு, “பொண்ணுக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது என்றேன். “ஏன் சொல்லல?” என்றார். சொன்னால், தன்னால்தான் அப்பாவுக்குப் பதினெட்டு வருடம் பேருந்து அட்டவணை என்று அவள் எடுத்துக்கொள்வாள் என்றேன். “அப்படியும் எடுத்துக்கலாம் கமா வேற மாதிரியும் எடுத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, நாற்பத்துநான்காம் பக்கத்தைத் திருப்பினார்.

இப்போது அந்த வியாழக்கிழமை. தாங்கள் போனில் பாதி கேட்டதன் மீதியை எழுதுகிறேன். டீச்சருக்குச் செவ்வாய் அன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால் அந்த வாரம் வியாழன் வந்துவிட்டார். நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தோம். கையுறைக்காரர் வந்தார். அவர் பின்னாலேயே பல் டாக்டரும் வந்தார். கூடத்தில் நாலு பேர். நாற்காலி மூன்றுதான் இருந்தது, படுக்கையறையிலிருந்து முக்காலி கொண்டுவந்தேன். இந்த வீட்டில் உட்கார இடம் போதாமல் போனதை நினைத்து எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. டாக்டர் வந்த காரியத்தைச் சொன்னதும் கையுறைக்காரர் வெளுத்துப்போய், “பக்கத்தைக் கிழிக்கப் போறீங்களா?” என்றார். “கிழிக்க மாட்டேன், எடுப்பேன். எடுக்கிறதுதான் என் தொழில். புத்தகத்துக்கு வலிக்காது” என்றார் டாக்டர். கையுறைக்காரர் விலையை ஏற்றினார். டாக்டர் அதற்கு மேல் ஏற்றினார். பேருந்து போனது, உள்ளே அலமாரிக் கதவு திறந்தது, இருவரும் மூன்றாவதாக ஒருவர் ஏலம் கேட்க வந்துவிட்டதாக நினைத்து இன்னும் ஏற்றினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கையுறைக்காரர் விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் தாங்கள். அவர் தொகையைச் சொன்னார். “முடிச்சுடுங்க, முடிச்சுடுங்க, அப்புறம்” என்று தங்கள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. டாக்டர் தோற்றுப்போய், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையுறைக்காரர் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க நாற்பத்துமூன்றாம் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து புத்தகத்தைச் சுற்றுவதற்கு மெல்லிய தாளை எடுத்தார்.

டீச்சர் அந்தத் தாளைப் பார்த்தார். தன் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்தார். கண்ணாடியைக் கூட்டில் போட்டு மூடினார். “அப்ப நூத்து முப்பத்தொண்ணோட நிறுத்திக்கலாம்” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் தேநீர் கொட்டிவிட்டது. எப்படிக் கொட்டியது என்று கேட்டால், தேநீர் கொட்டக்கூடிய பொருள்தானே, சம்பந்தி. முழுக் கோப்பை. நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று இரண்டு பக்கமும் நனைந்து, பின்னால் இருந்த இருபது தாள் வரை இறங்கிவிட்டது. போனில் தாங்கள் கேட்ட சத்தம் கையுறைக்காரருடையது. அவர் இரண்டு கையாலும் புத்தகத்தை ஏந்திக்கொண்டு நின்றார். கையுறை பழுப்பாகிக்கொண்டே வந்தது. கடைசியில், நோயாளியின் வீட்டாரிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னார். “மன்னிச்சுக்கங்க சார். இனிமே இது படிக்கிற புத்தகம்தான்.” டாக்டர் குனிந்து பார்த்து, “இந்தக் கறை போகாது” என்று தன் பங்குக்கு உறுதி செய்தார். இருவரும் ஒன்றாகவே படி இறங்கினார்கள். பத்து நிமிடத்துக்கு முன் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டவர்கள், போகும்போது ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு போனார்கள்.

டீச்சர் போகவில்லை. கைக்குட்டையால் பக்கங்களை ஒற்றினார். நடுவே நாளிதழ்த் தாள்களைச் சொருகினார். ஜன்னல் ஓரம் விரித்து வைத்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் யார் செய்தது என்று கேட்காமலே கண்டுபிடித்த பார்வை அது. “எழுத்து தெரியுது. உக்காருங்க” என்றார். கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்தார். நூற்று முப்பத்தொன்றாம் பக்கம், மேலிருந்து நான்காவது வரியிலிருந்து தொடர்ந்தோம்.

அதற்குப் பிறகு வாங்குகிறவர்கள் யாரும் வரவில்லை. அவர்களுக்குள் செய்தி பரவிவிட்டது போலிருக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் மிஞ்சியது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நூற்று ஐம்பது தாண்டியதும் நான் வேகத்தைக் குறைத்தேன். சந்தேகம் வந்ததுபோல ஒரே பத்தியை இரண்டாவது முறை படிக்கச் சொல்வேன். அவரும் மறுக்காமல் படிப்பார். அட்டவணைகளை எண் எண்ணாகப் பார்த்தோம். பின்னால் இருக்கும் சொல்லடைவைப் பார்த்தோம். அதுவும் முடிந்ததும் பதிப்பகத்தின் பிற வெளியீடுகள் பட்டியலைப் பார்த்தோம், அவை இரண்டு பதிப்பிலும் முற்றிலும் வேறு வேறு என்றாலும். கடைசியாகப் பின்னட்டை. நாற்பதாவது பதிப்பில் பதினேழு புதுப் பிழைகள் கண்டுபிடித்தோம். பதினேழும் என் காலத்துக்குப் பின் வந்தவை. டீச்சர் அவற்றைத் தன் கையெழுத்தில் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை எனக்குக் கொடுத்தார், ஒன்றைப் பதிப்பகத்துக்கு ஐந்தாவது கடிதமாக அனுப்புவதாகச் சொன்னார். பிறகு துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த செவ்வாய் சும்மா வாருங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான்கு சொல். அத்தனை நாளும் வேலை என்று ஒன்று நடுவில் இருந்தது. வேலை இல்லாமல் ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. “மூணாவது படி உடைஞ்சிருக்கு, பார்த்துப் போங்க” என்றேன். ஒவ்வொரு வாரமும் சொல்வது அதுதான். “தெரியும்” என்றார். வாசலில் நின்று, “வரேன்” என்றார். முற்றுப்புள்ளி சொல்லவில்லை. கேள்விக்குறியும் சொல்லவில்லை. அந்த ‘வரேன்’ வெறும் விடைபெறுவதா, இல்லை நிஜமாகவே வருவதா என்று குறி இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? அது நடந்து மூன்று செவ்வாய் ஆகிவிட்டது. பத்தரைக்கு இரண்டு கோப்பையை எடுத்து வைக்கிறேன். பதினொன்றே காலுக்கு ஒன்றைத் திரும்பக் கவிழ்த்துவிடுகிறேன். அவர் வீடு எங்கே என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை. புத்தகம் ஜன்னல் ஓரம் காய்ந்து, உப்பிப் போய், முன்பைவிட இரண்டு மடங்கு தடிமனாக இருக்கிறது. அலமாரிக்கு அடியிலும் இப்போது அது நுழையவில்லை.

ஆகவே தங்கள் முதல் கேள்விக்குப் பதில், புத்தகம் விற்காது. விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். தங்கள் முயற்சி வீணானதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாதக் கடைசியில் தாங்கள் வர வேண்டாம். மகளையும் பேத்தியையும் அத்தனை தூரம் அழைத்து வர வேண்டாம். வந்து பார்ப்பதற்கு இங்கே ஒன்றும் இல்லை. தங்கள் கடிதத்தின் ஓரத்தில் என் மகள் பென்சிலால் ‘அப்பா, மாடி ரூமுக்கு ஜன்னல் வைக்கச் சொல்லியிருக்கோம், நீங்க வந்தா வெளிச்சம் வேணுமே’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். மாப்பிள்ளை அந்த வேலையெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு வீட்டில் இரண்டு கிழவர்கள், ஒரே நாளிதழ் என்றால் அது நமக்கு ஒத்துவராது. ஆஸ்பத்திரி நடையில் நடந்த விஷயத்தை மகளிடம் சொல்ல வேண்டாம். என்னைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். எனக்கு நாளெல்லாம் வேலை சரியாக இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பையும், மகளுக்கு ஆசியையும், பேத்திக்கு நெற்றியில் ஒரு முத்தத்தையும், தங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பையும் சேர்ப்பிக்கவும். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் நல்ல தூக்கத்தோடும் இருக்கப் பிரார்த்திக்கும்,

தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன், விட்டுப்போகாத பழக்கத்தினால், கடிதத்தை ஒருமுறை மெய்ப்புப் பார்த்தேன். பிழைகள் இருக்கின்றன. வியாழக்கிழமையைப் பற்றி எழுதிய இடத்தில் ‘தேநீர் கொட்டிவிட்டது’ என்று இருக்கிறது. அதைக் ‘கொட்டிவிட்டேன்’ என்று திருத்திக்கொள்ளவும். கடைசித் தாளில் ‘வேண்டாம்’ என்ற சொல் ஐந்து இடங்களில் வந்திருக்கிறது. ஐந்தையும் ‘வேண்டும்’ என்று வாசிக்கவும். நானே அடித்துத் திருத்தி அனுப்பிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீங்களே திருத்திக்கொண்டு, ரயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று மட்டும் எழுதுங்கள்.